காது கேளாத குழந்தைக்கு: மிஷினா, ஆபரேஷனா, சைகை மொழியா, எந்தப் பள்ளி?

செவி நரம்பு சத்தத்துக்குப் பதில் தருகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட், குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று சொன்ன பிறகு, பெற்றோர் முன்னால் எல்லாக் கேள்விகளும் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. காது மிஷின் போதுமா, உட்செவிக்குள் மின்முனைக் கம்பி வைக்கும் காக்ளியர் இம்ப்ளாண்ட் ஆபரேஷன் செய்ய வேண்டுமா? சைகை மொழி கற்றுக்கொடுக்கலாமா, கூடாதா? எந்தப் பள்ளியில் சேர்ப்பது? ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். ஈஎன்டி டாக்டர் ஒன்று சொல்வார், தெரபிஸ்ட் ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டுப் பெரியம்மா "என் பையனும் நாலு வயசுலதான் பேசினான், கவலைப்படாதே" என்பார். அந்தக் கடைசி ஆறுதல்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கெடுதல் செய்கிறது.

என் அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது, எனக்குக் கேட்கும். வீட்டில் நான் முதலில் கற்ற மொழி சைகை. தமிழ், பாட்டியிடமிருந்தும் தெருவிலிருந்தும் வந்தது. ரேஷன் கடை, பேங்க், ஆஸ்பத்திரி என்று சின்ன வயதிலிருந்தே அவர்களுக்காகப் பேசியிருக்கிறேன். இப்போது காது கேளாத குழந்தைகளின் பெற்றோர்களோடு வேலை செய்கிறேன். ஆகவே எனக்கு ஒரு பக்கம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவியா, சைகையா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று பெற்றோரை நெருக்குவதே தப்பு. எந்த முடிவை எடுத்தாலும் சரி, அது பலன் தரும் வரை குழந்தை மொழி இல்லாமல் காத்திருக்கக் கூடாது. கீழே ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

முதலில் வயதைப் பாருங்கள்

இதற்கு டாக்டர்கள் உலகம் முழுக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பிறந்த 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறை உண்டா இல்லையா என்ற உறுதி, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். நம் ஊரில் "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறானே" என்ற சந்தேகம் வருவதற்கே பல வீடுகளில் ஒன்றரை வயது தாண்டிவிடுகிறது. காரணம் வீட்டில் செய்யும் டெஸ்ட். பின்னால் நின்று தட்டைத் தட்டுவார்கள், கதவை அறைந்து சாத்துவார்கள். தரை அதிர்வதற்கும் நிழல் அசைவதற்கும் குழந்தை திரும்பும். காது கேட்கிறது என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

பிறந்த ஆஸ்பத்திரியில் செய்யும் ஓஏஇ டெஸ்ட் சில நிமிட வேலை. உட்செவி பதில் தருகிறதா என்று மட்டும் அது பார்க்கும். அதில் பாஸ் ஆன குழந்தைக்கும் செவி நரம்பில் கோளாறு இருக்க முடியும். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தை, மஞ்சள் காமாலை கடுமையாக வந்த குழந்தை என்றால், பெரா டெஸ்டையும் கேட்டு வாங்குங்கள். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. உங்கள் மாவட்ட மையம் எங்கே என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விசாரிக்கலாம்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன், அரிதுதான் என்றாலும் தெரிந்திருக்க வேண்டும். மூளை உறைக் காய்ச்சல் வந்து அதனால் காது போன குழந்தை என்றால் "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உட்செவியின் சுருள் குழாயான காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிடக்கூடும். அதன் பிறகு இம்ப்ளாண்ட் வைக்க நினைத்தாலும் கஷ்டம்.

காது மிஷினா, இம்ப்ளாண்டா?

இது ஓரளவு உங்கள் விருப்பம், பெரும்பாலும் குழந்தையின் காது எவ்வளவு இழந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மிதமான இழப்பு என்றால் காது மிஷினே நன்றாக வேலை செய்யும், ஆபரேஷன் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு காதிலும் 90 டெசிபல், அதற்கும் மேல் இழப்பு என்றால், மிஷின் எவ்வளவு சத்தத்தைக் கூட்டினாலும் அதை வாங்க வேண்டிய உட்செவி செல்கள் இல்லாமல் போயிருக்கும். அங்கேதான் இம்ப்ளாண்ட் பேச்சு வருகிறது. அப்போதும் வழக்கமாகச் சில மாதம் நல்ல மிஷின் போட்டுப் பார்த்து, பலன் போதவில்லை என்று தெரிந்த பிறகே ஆபரேஷனுக்கு அனுப்புவார்கள். ஸ்கேனில் செவி நரம்பு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். நரம்பே இல்லாவிட்டால் காக்ளியர் இம்ப்ளாண்டால் பயனில்லை.

மிஷினின் நல்ல பக்கம்: கத்தி இல்லை, செலவு குறைவு, நாளைக்கே தொடங்கலாம். காதுக்குப் பின்னால் மாட்டும் மாடல்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் இலவசமாகவும் வாங்க முடியும். அதில் பெற்றோர் பலரும் கோட்டைவிடும் இடம் மோல்டு. காதுக்குள் உட்காரும் அந்தச் சின்ன அச்சு குழந்தை வளர வளர லூஸ் ஆகும். லூஸ் ஆனால் விசில் அடிக்கும். விசில் அடித்தால் வீட்டில் வால்யூமைக் குறைப்பார்கள். குறைத்தால் குழந்தைக்குப் பேச்சு எட்டாது. மிஷின் காதில் இருக்கிறது, பயன் பூஜ்யம். கைக்குழந்தைக்குச் சில மாதங்களுக்கு ஒரு முறை மோல்டு மாற்ற வேண்டியிருக்கும். விலை உயர்ந்த மிஷினைவிடச் சரியாகப் பொருந்தும் மோல்டு முக்கியம் என்று எல்லா வீட்டிலும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இம்ப்ளாண்ட் வேறு உலகம். காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, தோலுக்கடியில் ஒரு ரிசீவர் வைத்து, அதிலிருந்து மெல்லிய மின்முனைக் கம்பியைக் காக்ளியாவுக்குள் செலுத்துவார்கள். வெளியே காதில் ஒரு பிராசசர், தலையில் காந்தத்தால் ஒட்டும் ஒரு வட்டக் காயில். ஆபரேஷன் முடிந்ததும் குழந்தைக்கு எதுவும் கேட்காது. தையல் ஆறிய பிறகுதான் ஸ்விட்ச் ஆன். அன்றைக்குச் சில குழந்தைகள் சிரிக்கும், பல குழந்தைகள் பயந்து அழும். அப்புறம் மேப்பிங். பிராசசரைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் கொடுத்தால் மெல்லக் கேட்கும், எவ்வளவு கொடுத்தால் தாங்காது என்று ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர், தேடுவார். "கேட்குதா?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத வயது. சத்தம் வந்தால் டப்பாவில் ஒரு கட்டையைப் போடு என்று பழக்கியிருப்பார்கள். குழந்தை கட்டையைக் கன்னத்தோடு பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அந்த நேரத்தில் அறையில் யாரும் மூச்சுவிடக்கூட மாட்டார்கள். முதல் வருடம் இது பல முறை நடக்கும், பிறகும் தொடரும்.

வீட்டில் தினம் காலையில் செய்ய வேண்டிய ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, மிஷினுக்கும் பொருந்தும், இம்ப்ளாண்டுக்கும் பொருந்தும். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகள். குழந்தைக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், இடைவெளியை மாற்றி மாற்றி. நேற்று ஸ் கேட்ட குழந்தை இன்று திரும்பவில்லை என்றால் பேட்டரியோ கேபிளோ மைக்கோ காதோ ஏதோ சரியில்லை. குழந்தையால் சொல்ல முடியாது. இந்தச் சோதனை சொல்லும். சென்னை மாதிரி வியர்வை ஊரில் இரவு முழுக்கக் கருவியை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

செலவு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இம்ப்ளாண்ட் செய்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் திட்டம் இன்னொரு வழி. மும்பையில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் அதைக் கவனிக்கிறது. பொதுவாக அரசு உதவி ஒரு காதுக்குத்தான். விதிமுறைகள் மாறிக்கொண்டே இருப்பதால் விண்ணப்பிக்கும் முன் மாவட்ட அலுவலகத்தில் ஒரு முறை நேரில் கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் பலர் கேட்காமல் விடும் கேள்வி இது: வாரண்டி முடிந்த பிறகு யார் செலவு? உள்ளே வைத்தது பல பத்தாண்டு இருக்கலாம். வெளியே மாட்டும் பிராசசர் அப்படி இல்லை. கேபிள் அறும், காயில் தொலையும், பேட்டரி தேயும். சில வருடம் கழித்து "இந்த மாடலுக்கு உதிரிபாகம் வராது, புதுசு வாங்குங்க" என்பார்கள், அது லட்சங்களில் வரும். இலவச ஆபரேஷன் முடிந்து, நன்றாகப் பேசத் தொடங்கி, பிராசசர் பழுதாகி, மாற்றக் காசில்லாமல் மறுபடி மௌனத்துக்குத் திரும்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். எந்தக் கம்பெனி, எத்தனை வருட வாரண்டி, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில், பழைய பிராசசரை எடுத்துக்கொண்டு புதியதில் தள்ளுபடி தருவார்களா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

என் தீர்ப்பு: குழந்தைக்கு இரண்டு வயதுக்குள், இரண்டு காதும் கடுமையாகப் போயிருக்கிறது, நரம்பு சரி, வாரா வாரம் தெரபிக்குப் போக வீட்டில் ஒருவரால் முடியும். அப்படியானால் இம்ப்ளாண்டுக்குத் தயங்காதீர்கள். பிறவியிலேயே கேட்காமல், எந்த மொழியும் இல்லாமல் ஏழெட்டு வயது வந்துவிட்ட பிள்ளை என்றால் நகையை விற்று ஆபரேஷன் செய்யாதீர்கள். அந்த வயதில் வைக்கும் இம்ப்ளாண்டால் சத்தம் கேட்கும்; பேச்சைப் புரிந்துகொள்ளும் திறன் பெரும்பாலும் பெற்றோர் எதிர்பார்க்கும் அளவுக்கு வராது. அந்தப் பணமும் அந்த வருடங்களும் அந்தப் பிள்ளைக்கு வேறிடத்தில் தேவை.

சைகை கற்றால் பேச்சு வராதா?

இதை இன்றைக்கும் சொல்கிறார்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர்களும் சொல்கிறார்கள். "வீட்டில் யாரும் சைகை காட்டாதீங்க, அப்பத்தான் வாயால கேப்பான்." இந்த எண்ணத்துக்கு வயது அதிகம். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் சைகையை விலக்கிப் பேச்சு முறையே வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ எல்லோரும் காது கேட்பவர்கள். அதன் நிழல் நூறு வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க விழுந்தது. 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து, நேர்ந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தது. நம் ஊர்க் கிளினிக்குகள் பலவற்றுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

சைகை மொழி முழுமையான மொழி. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தை, மற்றக் குழந்தைகள் முதல் வார்த்தை பேசும் அதே பருவத்தில் முதல் சைகையைச் செய்கிறது. அதே வேகத்தில் வாக்கியத்துக்கும் போகிறது. மொழிக்காக மூளை திறந்திருக்கும் முதல் சில வருடங்களில் ஒரு மொழி, ஏதோ ஒரு மொழி, முழுசாகக் கிடைத்துவிட்டால் அதன் மேல் தமிழ் வரும், எழுத்து வரும், கணக்கு வரும். எதுவுமே கிடைக்காவிட்டால் பிறகு எவ்வளவு கொட்டினாலும் ஒட்டுவது கஷ்டம். கருவி ஏற்பாடு, காப்பீட்டு அனுமதி, ஆபரேஷன் தேதி, ஸ்விட்ச் ஆன், தெரபி என்று நடக்கும் காலம் ஒரு வருடம், இரண்டு வருடம். அந்தக் காலம் முழுக்க குழந்தைக்கு அம்மாவிடம் "வலிக்குது" என்று சொல்லவும், "பூனை எங்கே போச்சு" என்று கேட்கவும் வழியே இல்லாமல் வைத்திருப்பது எனக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

உதட்டைப் படித்தே சமாளிக்கலாம் என்று நம்புகிறவர்கள் கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் போடாமல் "பாலை" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் "மாலை". உதட்டில் இரண்டும் ஒன்றுதான். "கல்" என்பதன் க தொண்டைப் பக்கத்தில் உருவாகிறது, வெளியே ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே தமிழ் தெரிந்தவர் மீதியை ஊகித்துக்கொள்வார். மொழியே தெரியாத மூன்று வயதுக் குழந்தை எதை வைத்து ஊகிக்கும்?

என் தங்கையை அம்மா குளிப்பாட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவளுக்கும் காது கேட்காது. அவள் கண் தன் பக்கம் திரும்பும் வரை அம்மா காத்திருப்பார், முகத்தைப் பிடித்துத் திருப்ப மாட்டார். பார்வை வந்ததும் தண்ணீருக்கான சைகை. அவள் சோப்பைப் பார்த்தால் சோப்பை எடுத்துத் தன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அதன் அருகிலேயே சைகை, பொருளும் கையும் முகமும் ஒரே பார்வைக்குள் விழுகிற மாதிரி. சில சமயம் தங்கையின் வயிற்றிலேயே சைகையை வரைவார். காது கேட்கும் பெற்றோருக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இந்தக் காத்திருப்பைத்தான். பார்வை வந்த பிறகு பேசுங்கள், சைகை செய்யுங்கள். வார்த்தைகள் பத்து தெரிந்தால்கூடப் போதும், அன்றைக்கே தொடங்கலாம்.

சைகை வழியின் கஷ்டங்களையும் மறைக்க மாட்டேன். கற்க வேண்டியது குழந்தை மட்டும் அல்ல, மொத்தக் குடும்பம். அம்மா மட்டும் கற்று, அப்பாவும் தாத்தாவும் கற்காவிட்டால் குழந்தைக்கு வீட்டில் பேச ஒரே ஒரு ஆள்தான். சென்னையை விட்டு வெளியே போனால் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் குறைவு. மொழிபெயர்ப்பாளர்கள் அதைவிடக் குறைவு. சைகை தெரிந்தால் தமிழ் படிக்கத் தானாக வந்துவிடாது; இந்தியச் சைகை மொழிக்கு இலக்கணம் வேறு, எழுத்துத் தமிழைத் தனியாக, பொறுமையாகக் கற்பிக்க வேண்டும்.

ஆனால் முன்பு இல்லாத வசதிகள் இப்போது வந்திருக்கின்றன. 2015இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கியது. அவர்களுடைய அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வந்து, 2021இல் 10,000 சொற்களைத் தொட்டது. சைன் லேர்ன் என்ற இலவச ஆப்பிலும் அது கிடைக்கிறது. என்சிஇஆர்டி பாடப் புத்தகங்களைச் சைகை மொழியில் வீடியோவாக மாற்றும் வேலை நடக்கிறது. 2024 டிசம்பரில் மத்திய அரசின் கல்வி டிவி சேனல்களான பிஎம் இ-வித்யாவில் 31ஆவது சேனலைச் சைகை மொழிக்கென்றே தொடங்கினார்கள். மும்பையிலிருந்து வரும் ஐஎஸ்ஹெச் நியூஸ் செய்திகளைச் சைகையில் தருகிறது. வீட்டில் அதைப் போட்டுப் பாருங்கள். காது கேளாத பெரியவர்கள் எவ்வளவு வேகமாக, எவ்வளவு தெளிவாக உலக விஷயம் பேசுகிறார்கள் என்று ஒரு தரம் பார்த்துவிட்டால் பெற்றோரின் பயத்தில் பாதி போய்விடும். கிழமைக்கும் நிறத்துக்கும் உறவுமுறைக்கும் ஊருக்கு ஊர் சைகை மாறும். ஆகையால் ஆப்பில் கற்றதை உள்ளூர்க் காது கேளாதோரிடம் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சாக்கில் அவர்களோடு பழக்கமும் வரும். உங்கள் குழந்தை வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று காட்ட அவர்களைவிட யாரால் முடியும்?

எந்தப் பள்ளி?

நம் மாநிலத்தில் மூன்று விதம் இருக்கிறது. முதலாவது, பேச்சுப் பயிற்சியை மையமாக வைத்த ஆரம்பநிலை மையங்கள். சென்னை அடையாறில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா இதில் பெயர் பெற்றது. சின்ன வயதிலேயே எடுத்து, அம்மாவையோ அப்பாவையோ கூடவே உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்து, பிறகு சாதாரணப் பள்ளிக்கு அனுப்புவதுதான் நோக்கம். மாவட்டங்களிலும் 6 வயது வரைக்குமான ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் அரசு உதவியோடு நடக்கின்றன. கருவி நன்றாகப் பலன் தரும் குழந்தைக்கு இது அருமையான வழி. ஒருவர் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வர வேண்டியிருக்கும், கிராமத்துக் குடும்பம் ஊர் மாற வேண்டியிருக்கும். பலன் வராத குழந்தையை என்ன செய்வார்கள் என்று சேர்க்கும்போதே கேளுங்கள். ஒரு வருடம் கழித்தும் பேச்சு முன்னேறவில்லை என்றால் சைகைக்கு மாற நீங்களே முடிவெடுங்கள், "இன்னும் கொஞ்சம் முயற்சி" என்று மூன்று வருடம் தள்ளாதீர்கள்.

இரண்டாவது, காது கேளாதோருக்கான சிறப்புப் பள்ளிகள். பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மிஷனரி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது மிகப் பழையது. சென்னையில் லிட்டில் ஃபிளவர் கான்வென்ட், சாந்தோமில் சிஎஸ்ஐ பள்ளி. தஞ்சாவூரில் அரசு மேல்நிலைப் பள்ளி. இவற்றில் பலவற்றில் விடுதி உண்டு. இங்கே பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய விஷயம் பாடத்தைவிடக் கூட்டாளிகள். வகுப்பில் ஆசிரியர் எந்த முறையில் கற்பித்தாலும், விளையாட்டு மைதானத்திலும் விடுதி மொட்டைமாடியிலும் சைகை மொழி பெருக்கெடுத்து ஓடும். சண்டை, ரகசியம், கதை எல்லாம் அதில்தான். எங்கள் வீட்டில் அப்பா எட்டு வயதில் விடுதிக்குப் போனவர். "அங்கேதான் எனக்குப் பெயர் இருக்கிறது என்பதே தெரிந்தது" என்று சொல்வார்.

குறை? ஆசிரியர்களில் சைகையில் சரளமாக இருப்பவர்கள் எல்லாப் பள்ளியிலும் இல்லை. வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதே பாடம் என்று ஆகிவிட்ட இடங்கள் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தும் சொந்தமாக ஒரு கடிதம் எழுத முடியாத பிள்ளைகள் அதனால்தான் உருவாகிறார்கள். ஐந்து வயதுக் குழந்தையை விடுதியில் விடுவது குடும்பத்துக்கும் பாரம். விடுமுறைக்கு வரும் பிள்ளையோடு பேச வீட்டில் யாருக்கும் சைகை தெரியாவிட்டால், பிள்ளை தன் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவான்.

மூன்றாவது, பக்கத்துத் தெருச் சாதாரணப் பள்ளி. சமக்ர சிக்ஷா என்ற அரசுப் பள்ளிக் கல்வித் திட்டம் மூலம் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வந்து போவார். பல பள்ளிகளை ஒருவரே பார்ப்பதால் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். மிதமான இழப்பு, அல்லது இம்ப்ளாண்ட் போட்டு நன்றாகப் பேசும் பிள்ளை என்றால் இது சரி. முதல் பெஞ்ச், ஆசிரியர் முகம் தெரியும்படி வெளிச்சம், ஃபேன் சத்தத்திலிருந்து தள்ளி இடம், இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே பேசினால் பிள்ளைக்கு அந்த வரி போச்சு. எந்த மொழியும் சரியாக வராத பிள்ளையை "எல்லாப் பிள்ளைங்களோடயும் இருக்கட்டும்" என்று அறுபது பேர் வகுப்பில் உட்காரவைப்பதை மட்டும் நான் எதிர்க்கிறேன். அவன் அமைதியாக இருப்பான், தொந்தரவு செய்ய மாட்டான், ஒவ்வொரு வருடமும் பாஸ் போடுவார்கள். உள்ளே ஒன்றும் போயிருக்காது.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது ஹெட்மாஸ்டர் அறையோடு திரும்பிவிடாதீர்கள், மதிய உணவு நேரத்துக்குப் போங்கள். காது கேளாத பிள்ளைகள் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஆசிரியரிடம் தாங்களே போய் ஏதாவது கேட்கிறார்களா, ஆசிரியருக்கு அது புரிகிறதா, பெரிய வகுப்புப் பிள்ளையிடம் நேற்று என்ன நடந்தது என்று எழுதச் சொன்னால் இரண்டு வரி சொந்தமாக எழுதுகிறதா. சுவரில் மாட்டிய பாஸ் சதவீதத்தைவிட இந்த அரைமணி நேரம் அதிகம் சொல்லும். காது கேளாத ஆசிரியர் ஒருவராவது வேலையில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். இருந்தால் அந்தப் பள்ளிக்கு என் கணக்கில் கூடுதல் மதிப்பு.

மேல் வகுப்புக்கு வரும்போது இன்னொரு முடிவு வரும். பொதுத்தேர்வில் செவித்திறன் குறையுடையோருக்கு ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் கூடுதல் நேரமும் உண்டு. பெரும்பாலோர் ஆங்கிலத்தை விடுகிறார்கள். தேர்வில் விலக்கு வாங்குங்கள், தப்பில்லை. படிப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதோருக்கென்றே பி.காமும் பிசிஏவும் நடக்கின்றன. அடையாறு செயின்ட் லூயிஸிலும் கல்லூரி இருக்கிறது. அங்கே போனதும் கம்ப்யூட்டரில் வரும் ஒவ்வொரு வரியும் ஆங்கிலம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் 1 சதவீதம் காது கேளாதோருக்கும் கேட்கும் திறன் குறைந்தோருக்கும். அந்தத் தேர்வுகளை எழுதவும் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி அட்டையை இப்போதே வாங்கி வையுங்கள். எல்லா உதவிக்கும் அதுதான் சாவி.

உங்கள் நிலைமைக்கு எது?

ஒரு வயதுக் குழந்தை, கடுமையான இழப்பு, குடும்பம் நகரத்தில்: மிஷினை இந்த வாரமே போடுங்கள், இம்ப்ளாண்டுக்கு விண்ணப்பியுங்கள், ஆரம்பநிலை மையத்தில் சேருங்கள், வீட்டில் சைகையும் தொடங்குங்கள். பேச்சு நன்றாக வந்தால் சைகை இரண்டாவது மொழியாக இருக்கட்டும். இரவில் பிராசசரைக் கழற்றிய பிறகும், குளிக்கும்போதும், பேட்டரி தீர்ந்த பஸ் பயணத்திலும் அது வேண்டும். இம்ப்ளாண்ட் போட்ட குழந்தையும் அதைக் கழற்றினால் காது கேளாத குழந்தைதான்.

மிதமான இழப்பு என்றால் மிஷின், நல்ல மோல்டு, சாதாரணப் பள்ளி, வருடத்துக்கு ஒரு முறையாவது ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் டெஸ்ட். நீண்ட யோசனை தேவையில்லை. இழப்பு கூடிக்கொண்டே போகிறதா என்பதில் மட்டும் கண் வையுங்கள்.

கிராமத்துக் குடும்பம், வாரா வாரம் தெரபிக்குப் போகக் கூலியை இழக்க வேண்டும் என்றால் கணக்கு மாறும். தெரபி இல்லாத இம்ப்ளாண்ட் வீண். யாராவது ஒருவர் இரண்டு மூன்று வருடம் அதற்கென்று இருக்க முடியுமா என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். முடியாது என்று வந்தால் வெட்கப்பட எதுவும் இல்லை. சைகையை முழுமூச்சாக எடுங்கள், நல்ல சிறப்புப் பள்ளியைத் தேடுங்கள். மதுரையின் ஜெர்லின் அனிகா 2022இல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பாட்மிண்டனில் மூன்று தங்கம் வாங்கினார். 2023இல் வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் மூலம் வாதாடினார். "காது கேட்காட்டா என்ன ஆவான்" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு இந்த இரண்டு பெயரைச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஆறு வயது, பள்ளிக்கே போனதில்லை, எந்த மொழியும் இல்லை. இந்தப் பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள், மாவட்டத்துக்குச் சிலராவது. இவர்களுக்கு நேரம்தான் இல்லாத பொருள். காது டெஸ்டுக்கும் கருவிக்கும் ஏற்பாடு ஒரு பக்கம் நடக்கட்டும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சைகை நன்றாகப் புழங்கும் சிறப்புப் பள்ளியில் வருட நடுவில் என்றாலும் சேர்த்துவிடுங்கள். இடம் இல்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனு கொடுங்கள். சேர்த்த முதல் மாதம் வார இறுதியில் பள்ளிக்குப் போய், உங்கள் பிள்ளை அந்த வாரம் கற்ற சைகைகளை ஆசிரியரிடமோ மூத்த பிள்ளைகளிடமோ கேட்டு நீங்களும் கற்றுக்கொண்டு வாருங்கள். போனில் வீடியோ எடுத்து வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டுங்கள், தாத்தாவுக்கும்.